கொசுறுக் குருவி



காலைத் திருப்பலிக்கு முதல் மணி அடிக்கிற நேரமும் மணப்பாறைக்கு முதல் பஸ் வருகிற நேரமும் நம் ஊரில் ஏறக்குறைய ஒன்றுதான். பல நாள் ஆலய வாசலில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மில்லுக்குப் போகிற பெண்பிள்ளைகள் இருப்பார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கும் தம்பிகள், கரண்டியையும் மட்டக்கோலையும் சாக்கில் சுற்றி வைத்திருக்கும் கொத்தனார், அவரோடு சித்தாள் வேலைக்குப் போகும் அக்காமார் இருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவத் திருச்சி வரைக்கும் போகிற ஒரு பாட்டியும் உண்டு. எல்லார் கையிலும் ஒரு தூக்குச்சட்டி இருக்கும். படியில் கால் வைக்கும்போது சிலர் மட்டும் கோவில் பக்கம் திரும்பி, நெற்றியில் அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொள்வார்கள். கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் பீடத்தில் அப்பத்தைக் கையில் ஏந்தி ஒப்புக்கொடுக்கிறேன். அந்த செபத்திலே நிலத்தைப் பற்றியும் மனிதரின் உழைப்பைப் பற்றியும் சொல்கிறோம் அல்லவா? அந்த இடம் வரும்போது எனக்கு அந்தப் பஸ் படிக்கட்டு நினைவுக்கு வந்துவிடும். கோவிலுக்குள் வர நேரமில்லாமல் போனவர்களின் காணிக்கையும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று மே 1, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955-ல் திருத்தந்தை 12-ம் பயஸ் இதை ஏற்படுத்தினார். உழைப்பவர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடி வந்த நாளில், அவர்கள் நடுவே ஒரு தச்சரைக் கொண்டுபோய் நிறுத்தினார். நம் தமிழ் மண்ணுக்கு இந்த நாள் அதற்கும் முன்பே பழக்கம். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கூட்டம் கூட்டிக் கொண்டாடியதுதான் இந்தியாவின் முதல் மே தினம். இன்று அரசு விடுமுறை. ஆனாலும் இன்று காலையிலும் அந்தப் பஸ் நிறைந்துதான் போனது. தினக்கூலிக்கு விடுமுறை என்றால் அன்று கூலி இல்லை என்று பொருள். அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சொந்த ஊருக்கு வருகிறார், தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். ஊர்க்காரர்கள் முதலில் வியந்துபோகிறார்கள். அப்புறம் ஒரு கேள்வி எழுகிறது: இவன் அந்தத் தச்சருடைய பையன்தானே? அந்தக் கேள்வியோடு அவர்கள் காது அடைத்துப்போகிறது. அவர் பேச்சில் தவறு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அப்பா பார்த்த வேலை போதவில்லை, அவ்வளவுதான். நாசரேத்து அப்போது மிகச் சிறிய ஊர். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி செப்போரி என்ற நகரம் அந்தக் காலத்தில் பெரிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சூசையப்பர் அங்கே வேலைக்குப் போய்வந்திருக்கக்கூடும் என்று மறைநூல் அறிஞர்கள் சிலர் எண்ணுகிறார்கள். விடிகாலையில் உளியும் கையுமாக நடந்துபோய், இருட்டிய பிறகு திரும்பி வந்த ஒருவரை நினைத்துப்பாருங்கள். வாசலில் அவருக்காக ஒரு சிறுவன் காத்திருக்கிறான்.

சில மாதங்களுக்கு முன்பு நம் பங்குப் பையன் ஒருவன் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தான். எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பியிருந்தான். தந்தையின் தொழில் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: “சாமி, இதுல கூலின்னு எழுதட்டுமா, சொந்தத் தொழில்னு எழுதட்டுமா?” அவன் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வெங்காய லாரி வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து தோளைக் கொடுக்கிறவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனாகவே ‘சுமைதூக்கும் தொழிலாளி’ என்று நிதானமாக எழுதினான்.

சகோதரர்களே, சகோதரிகளே, அந்தப் பேனா ஏன் அங்கே நின்றது? அந்தக் குழந்தைக்கு அந்தத் தயக்கத்தைக் கொடுத்தது யார்? பெண் பார்க்கப் போகும்போது, திருவிழா வரி வாங்கும்போது, கோவிலில் யாருக்கு நாற்காலி போடுவது என்று பார்க்கும்போது, நாமும் நாசரேத்துக்காரர்கள் கேட்ட கேள்வியைத்தானே கேட்கிறோம்?

குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுக்க மாதாவும் சூசையப்பரும் எருசலேமுக்குப் போனார்கள். அப்போது கையில் கொண்டுபோனது என்ன? சட்டப்படி ஓர் ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு வசதி இல்லாதவர்களுக்கு என்று சட்டமே ஒரு வழி வைத்திருந்தது, இரண்டு புறாக்கள். அவர்கள் புறாக்களைத்தான் கொண்டுபோனார்கள். உலகத்தின் மீட்பர் ஏழைகளின் வரிசையில் நின்று காணிக்கையாக்கப்பட்டார். ஆகவே பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு நிற்கும்போது உங்கள் தலை குனிய வேண்டாம். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் மாதா நிற்கிறார்கள்.

அப்படி எண்ணி எண்ணிச் செலவு செய்த வீட்டில் வளர்ந்ததால்தான் நம் ஆண்டவருக்குச் சந்தை விலை தெரிந்திருக்கிறது. ஒரு காசு தொலைந்தால் பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுவாள் என்று தெரிந்திருக்கிறது. பழைய துணியில் எப்படி ஒட்டுப்போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. குருவி என்ன விலை என்பதும் தெரிந்திருக்கிறது. குருவி ஏழைகளின் கறி. மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவி என்கிறார். லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து என்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காசுக்கு நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது எங்கிருந்து வந்தது?

நம் ஊர் அம்மாமார்களுக்கு இது உடனே புரியும். அது கொசுறு. காய் வாங்கினால் மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடுவார்களே, அதுபோல. அந்த ஐந்தாவது குருவிக்கு விலையே கிடையாது. கணக்கிலும் வராது. சந்தையில் யார் கண்ணும் அதன்மேல் நிற்காது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். இந்த இடத்தை நான் குருமடத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒரு சந்தை நாளில், கொசுறுக்காகக் கை நீட்டி நின்ற ஓர் ஆத்தாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

நம் நடுவே கொசுறாகவே வாழ்க்கை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! செங்கல் சூளையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கல் அறுக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது, அவள் பெயர் அதில் இல்லை. கடலை பறிக்கிற காட்டில் ஆணுக்கு ஒரு கூலி, அதே வெயிலில் குனிந்து நிற்கிற பெண்ணுக்குக் குறைந்த கூலி. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம், படத்தான் வேண்டும். ஒருமுறை அரைவேக்காடாக எடுத்து, மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பதால்தான் அந்த மொறுமொறுப்பு வருகிறது என்று வெளியூர்க்காரர்களுக்கும் சொல்கிறோம். அப்படி இரண்டு முறை அடுப்பு முன்னால் நிற்கிற அம்மாவுக்குக் கிலோக் கணக்கில் என்ன கூலி என்று நம்மில் யார் கேட்டோம்? ஞாயிறு காணிக்கையை எண்ணும்போது, நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்றிரண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். விதவை போட்ட இரண்டு காசைத் தூரத்தில் உட்கார்ந்தே அடையாளம் கண்டவர் அவர்.

இன்னொரு கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலை நம் திருச்சி மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. சட்டமும் பெயரும் மாறினாலும் நம் வாயில் அது நூறு நாள் வேலைதான். கண்மாய்க் கரையில் காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. இடையில் மண்ணை வெட்டிச் சட்டியில் அள்ளித் தலையில் சுமக்க வேண்டும். கூலி பாங்கில் விழும். ஒருநாள் ஒரு பாட்டி அழாத குறையாக என்னிடம் வந்தார். “ரேகை விழ மாட்டேங்குதாம் சாமி. மூணு தடவ வச்சுப் பாத்தாக, நாளைக்கு வாங்குறாக.” கையைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலில் ஒரு கோடுகூட இல்லை, வழுவழுவென்று ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இருந்தது. எழுபது வருடம் மண்வெட்டிப் பிடியும் ஆட்டுக்கல்லும் தேய்த்த தேய்ப்பு. சம்பாதித்த கூலியை எடுக்கப் போனால், சம்பாதித்த கையையே இயந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று இரவு எனக்கு எசாயா இறைவாக்கினர் சொன்னது நினைவுக்கு வந்தது. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் மறக்க மாட்டேன், உன்னை என் உள்ளங்கையிலேயே பொறித்து வைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்வதாக அவர் எழுதுகிறார். நம் கையில் ரேகை அழிந்துபோகலாம். அவர் கையில் நம் பெயர் அழியாது. மலையடிப்பட்டித் தோமையார் மலையில் ஏறுகிற நமக்கு இது தெரியாததல்ல. உயிர்த்த ஆண்டவர் தோமையாருக்குத் தம்மை அடையாளம் காட்டியது எதைக் கொண்டு? காயம்பட்ட கையைக் கொண்டுதான். காய்த்துப்போன உங்கள் கைக்கும் அந்தக் கைக்கும் உறவு உண்டு.

ஆனால், அன்பானவர்களே, ஏழைக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நான் அத்தோடு இறங்கிவிட முடியாது. கூலி வாங்குகிறவர்கள் மட்டுமா இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? கொடுக்கிறவர்களும் இருக்கிறோம். நாலு ஏக்கர் காடு வைத்திருப்பவர், இரண்டு ஆளை வைத்து முறுக்கு போடுகிறவர், பத்துப் பேரைக் கூட்டிப்போகிற மேஸ்திரி, வீட்டு வேலைக்கு ஓர் அக்காவை வைத்திருக்கும் ஆசிரியை, எல்லாரும் இருக்கிறோம். நானும் ஒருவன். இந்தப் பங்கின் கோவில்பிள்ளைக்கும் சமையல் செய்கிற அம்மாவுக்கும் நான் கடன்பட்டவன்.

கூலியைக் குறித்துத் திருச்சபை மழுப்பிப் பேசியதில்லை. 1891 மே 15-ல் திருத்தந்தை 13-ம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை எழுதினார். இருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழ்கிற தொழிலாளியைத் தாங்குகிற அளவுக்காவது அது இருக்க வேண்டும் என்றார். 2025-ல் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை லியோ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மடலையும் ஒரு காரணமாகச் சொன்னார். நியாயமான கூலிக்கு இந்த மாவட்டமும் விலை கொடுத்திருக்கிறது. பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் போராடியபோது, 1946 செப்டம்பர் 5-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிர் விட்டார்கள்.

வேதம் இன்னும் நெருங்கி வந்து பேசுகிறது. கூலிக்காரன் ஏழை, அவன் மனசு அந்தக் கூலியிலேயே இருக்கிறது, ஆகவே பொழுது சாயும் முன் கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்டம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார் யாக்கோபு. கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்கிறது சீராக் நூல். இவ்வளவு கடுமையாக ஏன் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் அம்மா ஒரு முறுக்கு வீட்டில் வேலை பார்த்தார். எண்ணெய்ச் சட்டி முன்னால் பன்னிரண்டு வருடம். ஓர் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின மூன்று வாரக் கூலி நின்றுவிட்டது. ‘பண்டிகை முடியட்டும் பாக்கலாம்’ என்று முதலாளி சொல்லி அனுப்பினார். நானும் தங்கச்சியும் பழைய துணியோடு நள்ளிரவுப் பூசைக்குப் போனோம். எங்களுக்கு முன் வரிசையில் அந்த முதலாளி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வந்தது. அவர் திரும்பவில்லை. அம்மா எட்டி அவர் மனைவியின் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது, ஆத்திரமாக வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் முழுக் கூலியும் வந்து சேர்ந்தது. அவருக்கும் டவுன் கடையிலிருந்து பணம் வராமல் இருந்தது என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. அவர் எங்கள் வாசலுக்கு வந்து, ‘தங்கச்சி, எனக்கும் பணம் வரல, இருக்கிறதுல பாதிய வச்சுக்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் பணத்தைவிட அந்த வார்த்தை வராததுதான் வலித்தது.

2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் நின்றபோதும் அப்படித்தான். தமிழ்நாடு முழுக்க அந்தப் பாக்கி ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றார்கள். ஆயிரம் கோடி என்பது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மளிகைக் கடை நோட்டில் நம் அம்மாமார் பெயருக்கு நேரே ஏறிக்கொண்டே போன பாக்கி எனக்குத் தெரியும்.

கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடித்திருக்கிறோமா? ‘நாளைக்கு வா’ என்று எத்தனை பேரை அலைய விட்டிருக்கிறோம்? இந்தக் கேள்வி உங்களைக் குத்தினால் பயப்பட வேண்டாம். சக்கேயு மரத்திலிருந்து இறங்கினபோது ஆண்டவர் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை, உன் வீட்டில் இன்று தங்க வேண்டும் என்றுதான் சொன்னார். அந்த இரக்கத்தைத் தாங்க முடியாமல்தான் அவர் தானாகவே நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றார். உங்கள் வீட்டுக்கும் வர ஆண்டவர் அப்படித்தான் காத்திருக்கிறார்.

இன்னும் சிலர் இருக்கிறீர்கள். கூலியைக் கையில் வாங்கியும் டாஸ்மாக் வாசலைத் தாண்டி வீடு வந்து சேர முடியாதவர்கள், குழுக் கடன் தவணை நாள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள். உங்களை நான் கடிந்துகொள்ள மாட்டேன். உங்களை ஏற்கெனவே எல்லாரும் கடிந்துகொண்டாயிற்று. எந்த நேரமானாலும் வாருங்கள், பங்கு இல்லத்தின் கதவு திறந்திருக்கும். பேச முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு நாள் கூலி கொடுத்த திராட்சைத் தோட்டத்து எசமானர்தான் நம் கடவுள். அவர் தாமதத்தைக் கணக்கு வைப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மே 1 கிராம சபை கூடுகிற நாள். அங்கே போங்கள், ரேகை விழாத பாட்டிமாரின் கூலியைப் பற்றி எழுந்து கேளுங்கள். உங்களோடு நானும் வருகிறேன். கூலி பாக்கி வைத்திருப்பவர்கள் திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன் அந்த வாசலுக்குப் போய்வாருங்கள். முழுத் தொகையும் இல்லாவிட்டால் இருப்பதைக் கொண்டுபோங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு வார்த்தையாவது கொண்டுபோங்கள். இப்போது மணி ஏழரை. பொழுது சாய இன்னும் பதினோரு மணி நேரம் இருக்கிறது.